காதை ஸ்கேன் பண்ணும் ஹெட்ஃபோன் சாஃப்ட்வேர்: மிக்ஸிங்குக்கு எது உதவும், எது குழப்பும்?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

ஹெட்ஃபோன் பத்தின போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய மெயில் வந்திருந்தது. அதுல ஒரு தம்பி எழுதினதை அப்படியே படிக்கிறேன்: "அண்ணா, பெட்ரூம்லதான் மிக்ஸ் பண்றேன். ஸ்பீக்கர் வாங்கினா மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்துடுவார். காதை ஸ்கேன் பண்ணி, ஹெட்ஃபோன்லயே ஸ்டுடியோ ஸ்பீக்கர் முன்னாடி உட்கார்ந்த மாதிரி கேட்க வைக்கிற சாஃப்ட்வேர் இருக்காமே? ஆறு மாசமா சேர்த்த காசு இருக்கு. அதை அந்த சாஃப்ட்வேர்ல போடட்டுமா, இல்ல வேற நல்ல ஹெட்ஃபோன் வாங்கட்டுமா?"

ஆறு மாசம் சேர்த்த காசுன்னு எழுதியிருக்கார். அதனால ஒரு வரியில பதில் போட மனசு வரல. இந்த எபிசோட் முழுக்க அவருக்கான பதில்தான்.

'பெர்சனலைஸ்டு' என்ற ஒரே வார்த்தையை ஒட்டி மூணு வேற வேற வேலைகளை விற்கிறாங்க. ஒரு வகை உங்க ஹெட்ஃபோனைத் திருத்துது. இன்னொரு வகை உங்க காதில் இருக்கிற குறையைத் திருத்தப் பார்க்குது. மூணாவது வகை காதைத் தொடவே தொடாது, உங்க காது எப்படி இருக்கோ அதைக் கணக்கில் சேர்த்துக்குது. பாட்டு கேட்கிறவருக்கு மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், நல்லா இருந்தா சரி. மிக்ஸ் பண்றவருக்கு அப்படி இல்லை.

ஸ்பீக்கரில் கேட்கும்போது என்ன நடக்குது?

ஸ்டுடியோவில் ரெண்டு ஸ்பீக்கரும் உங்க தலையும் ஒரு சமபக்க முக்கோணமா இருக்கும். நேர் எதிரில் இருந்து பார்த்தா இடது ஸ்பீக்கர் 30 டிகிரி இந்தப் பக்கம், வலது ஸ்பீக்கர் 30 டிகிரி அந்தப் பக்கம். இடது ஸ்பீக்கரில் இருந்து வர்ற சத்தம் இடது காதுக்கு முதலில் போகும். அதோட நிக்காது. தலையைச் சுத்திக்கிட்டு வலது காதுக்கும் போகும், சுமார் 0.26 மில்லிசெகண்ட் தாமதமா. 48 கிலோஹெர்ட்ஸ் ஆடியோவில் இது வெறும் 12 சாம்பிள். அவ்ளோ சின்ன இடைவெளியை வெச்சுத்தான் மூளை 'சத்தம் அங்கிருந்து வருது' என்று முடிவு பண்ணுது. கூடவே, தலை நடுவில் மறைக்கிறதால வலது காதில் ட்ரெபிள் கொஞ்சம் மங்கியிருக்கும். இதெல்லாம் போக, ரூம் சுவரில் மோதித் திரும்பி வர்ற சத்தமும் இருக்கு.

ஹெட்ஃபோனில் இது எதுவும் கிடையாது. இடது சேனல் இடது காதுக்கு மட்டும், வலது சேனல் வலது காதுக்கு மட்டும். அதனாலதான் பாட்டு எதிரில் இல்லாம மண்டைக்குள்ள ஓடுற மாதிரி இருக்கு.

சரி, மண்டைக்குள்ள ஓடினா என்ன நஷ்டம்? நடுவில் இருக்கிற பாடகர் குரலை எடுத்துக்கோங்க. அந்தக் குரல் ரெண்டு ஸ்பீக்கரில் இருந்தும் ஒரே அளவில் வரும். ஒவ்வொரு காதுக்கும் அது ரெண்டு தடவை வந்து சேரும், ஒண்ணு நேரா, இன்னொண்ணு அந்த 0.26 மில்லிசெகண்ட் தாமதத்தோட. தாமதமா வர்றது முன்னாடி வந்ததோட மோதி, 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கொஞ்சம் சத்தத்தைச் சாப்பிட்டுடும். குரலின் தெளிவு நிறைய இருக்கிற இடமே அந்தப் பக்கம்தான். ஹெட்ஃபோனில் அந்தப் பள்ளம் இல்லை. குரல் பளிச்சுனு, காதோட பேசுற மாதிரி கேட்கும். 'குரல் போதுமே' என்று நீங்க ஃபேடரை இறக்குவீங்க. அதே பாட்டை காரில் போட்டா குரல் டிரம்ஸுக்கு அடியில் கிடக்கும்.

ரிவெர்பும் அப்படித்தான். ஹெட்ஃபோனில் ரிவெர்பின் வால் கடைசி நூலிழை வரைக்கும் கேட்கும், அதனால குறைச்சுப் போடத் தோணும். ஸ்பீக்கரில் போட்டா பாட்டு வறண்டு போய் நிற்கும்.

வீட்டில் மிக்ஸ் பண்ணிச் சம்பாதிக்கிறவங்களுக்கு இது ரசனைப் பிரச்சினை கிடையாது. 'கார்ல கேட்டேன், குரல் வரல, மாத்தி அனுப்புங்க' என்று ஒரு வாட்ஸ்அப் வந்தா, அந்த ராத்திரி சம்பளம் இல்லாத ராத்திரி.

உங்க காது ஒரு ஈக்வலைசர்

இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கணும்னா, இதை வெச்சுக்கோங்க. ஒரு காதில் நுழையுற சத்தமும் செவிப்பறைக்குப் போய்ச் சேர்ற சத்தமும் ஒண்ணு இல்லை. காதுக் குழாய் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளம். ஒரு பக்கம் மூடின குழாய் என்பதால் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் அது அதிரும், அந்த இடத்தில் சத்தம் கூடும். பிளஸ் டூவில் ரெசனன்ஸ் குழாய் பரிசோதனை பண்ணியிருப்பீங்களே, அதே கதைதான்.

இதுக்கு மேல வெளிக் காது மடல். 8 கிலோஹெர்ட்ஸ் சத்தத்தின் அலைநீளம் சுமார் 4.3 சென்டிமீட்டர். மடலோட மடிப்புகளும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். அதனால அந்த மேல் அதிர்வெண்களில் மடல் சில இடங்களை ஏத்திவிடும், சில இடங்களில் ஆழமான பள்ளம் தோண்டும். சத்தம் மேல இருந்து வந்தா பள்ளம் ஒரு இடத்தில், கீழ இருந்து வந்தா இன்னொரு இடத்தில். கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் இது மாறும்.

தலை, தோள், காது எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு திசையில் இருந்து வர்ற சத்தத்தையும் எப்படி மாத்துது என்ற அந்த முழுக் கணக்குக்குப் பேர் ஹெச்ஆர்டிஎஃப். பிறந்ததில் இருந்து இந்த ஈக்வலைசர் வழியாத்தான் நீங்க உலகத்தையே கேட்கிறீங்க. அதனால அது உங்களுக்கு ஒரு நிறமாத் தெரியாது. திசையாத் தெரியும்.

ஹெட்ஃபோன் என்ன பண்ணுது? ஸ்பீக்கர் இருக்கிற திசையில் இருந்து வராம, பக்கவாட்டில் காது மேலயே உட்கார்ந்து சத்தத்தை உள்ள தள்ளுது. உங்க மடல் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி தப்பிப் போயிடுது. ஆக, மூணாவது வகை சாஃப்ட்வேர் உங்க காதோட தனித்தன்மையை அழிக்கிறது இல்லை. ஹெட்ஃபோன் தவறவிட்ட அந்தத் தனித்தன்மையைத் திரும்பக் கொண்டு வந்து வைக்குது. விளம்பரங்களில் இதை நேர்த் தலைகீழாப் புரியுற மாதிரித்தான் பெரும்பாலும் எழுதுறாங்க.

யாரோட காது?

இப்போ உங்க ஹெச்ஆர்டிஎஃப் எனக்கு வேணும். எப்படி எடுக்கிறது? நேர்மையான வழி, காதுக்குள்ள சின்ன மைக் வெச்சு, நிஜ ஸ்டுடியோவில் நிஜ ஸ்பீக்கர் முன்னாடி உட்கார வெச்சு அளக்கிறது. ஸ்மித் ரிசர்ச் நிறுவனத்தின் ரியலைசர் கருவி இப்படித்தான் வேலை செய்யுது. சோனியின் 360 விர்ச்சுவல் மிக்ஸிங் என்விரான்மென்ட்டும் இதே வழிதான். நீங்க அந்த ரூமுக்குப் போய் அளந்துட்டு வரணும், அதுக்கு அப்புறம் அந்த ரூமையே ஹெட்ஃபோனில் வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடலாம். ரொம்ப நல்லா இருக்கும். ஆனா அந்த மாதிரி ரூமுக்குள்ள நுழைய வாய்ப்பு இருக்கிறவருக்கு அது முதல்லயே கொஞ்சம் வசதியான பிரச்சினை.

அடுத்தது படம் அல்லது வீடியோ வழி. பின்லாந்தில் ஈசல்மி என்ற ஊரில் ஜெனெலெக்னு ஒரு கம்பெனி. 1978-ல் இருந்து ஸ்டுடியோ ஸ்பீக்கர் செய்றவங்க. அவங்க 2019-ல் ஆரல் ஐடினு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. ஃபோனில் உங்க தலையையும் தோளையும் சுத்திச் சுத்தி வீடியோ எடுத்து அனுப்பணும். அதில் இருந்து 3டி மாடல் செஞ்சு, நூற்றுக்கணக்கான திசைகளில் இருந்து சத்தம் வந்தா அந்த மாடல் மேல என்ன ஆகும்னு கணக்குப் போட்டு, முடிவை ஒரு ஃபைலா கொடுப்பாங்க. ஸ்பீக்கர் விற்கிற கம்பெனியே 'ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஆனா ஒழுங்காக் கேளுங்க'னு இறங்கி வந்தது எனக்குப் பிடிச்சிருந்தது. அந்த ஃபைல் ஃபார்மட்டுக்குப் பேர் சோஃபா. நம்ம ஹால்ல கிடக்கிற சோஃபா இல்லைங்க. ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி ஏஇஎஸ்69 என்ற பெயரில் தரப்படுத்தின ஃபார்மட். ஆப்பிளும் 2022-ல் ஐஓஎஸ் 16-ல் ஃபோன் கேமராவை வெச்சுக் காதை ஸ்கேன் பண்ற வசதியைக் கொடுத்தாங்க.

கோட் எழுதுறவங்களுக்கு ஒரு தகவல்: வியன்னாவில் இருக்கிற ஆய்வாளர்கள் உருவாக்கின மெஷ்2ஹெச்ஆர்டிஎஃப் என்ற ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் இருக்கு. காதோட 3டி மெஷ் நல்ல தரத்தில் கையில் இருந்தா, கணக்கை நீங்களே ஓட்டலாம். நல்ல தரத்தில் மெஷ் எடுக்கிறதுதான் கஷ்டம். காதுக்குப் பின்னாடி, மடிப்புக்கு உள்ள எல்லாம் கேமராவுக்குத் தெரியாது.

இது எதுவும் இல்லைன்னா சாஃப்ட்வேர் யாரோ ஒருத்தரோட காதைக் கடன் வாங்கும். பல சமயம் அந்த ஆள் ஒரு பொம்மை. கீமார்னு பேர், 1972-ல் நோல்ஸ் கம்பெனி செஞ்சது. 1994-ல் எம்ஐடி மீடியா லேபில் பில் கார்ட்னரும் கீத் மார்ட்டினும் அதைச் சுத்தி 710 இடங்களில் இருந்து அளந்து, டேட்டாவை இலவசமா வெளியிட்டாங்க. உலகத்தில் எத்தனையோ பேர் தெரியாமலே கீமாரின் காது வழியா கேட்டிருக்காங்க.

கடன் காதால என்ன ஆகும்? 1993-ல் எலிசபெத் வென்செலும் கூட இருந்தவங்களும் செஞ்ச ஆய்வு இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். வேறொருத்தர் காதோட கணக்கை வெச்சுக் கேட்டவங்களுக்கு இடது வலது பெருசா குழம்பல. முன்னாடியா பின்னாடியா, மேலயா கீழயா என்பதில்தான் குழப்பம் கூடுச்சு. காரணம் நாம பார்த்ததுதான்: இடது வலதுக்கு அந்தத் தாமதமும் தலை மறைப்பும் போதும், எல்லார் தலையும் ஓரளவு ஒண்ணுதான். மேல் கீழுக்கும் முன் பின்னுக்கும் மடலோட பள்ளங்கள் வேணும்.

இது அந்தத் தம்பியோட பர்ஸை நேரடியாத் தொடுற விஷயம். அவர் செய்றது ஸ்டீரியோ. ரெண்டு ஸ்பீக்கர், ரெண்டும் எதிரில், காது மட்டத்தில். மேலயும் பின்னாடியும் அங்க எதுவும் இல்லை. டால்பி அட்மாஸில் 7.1.4 மிக்ஸ்னா 12 சேனல், அதில் நாலு தலைக்கு மேல. அந்த வேலைக்கு உங்க சொந்தக் காதுக் கணக்கு கைமேல் பலன் தரும். ஸ்டீரியோவுக்கு அவ்ளோ பெரிய வித்தியாசம் வராது. குரல் மண்டைக்குள்ள இருந்து வெளிய வர்றது நல்லா இருக்கும்தான், ஆனா ஆறு மாசக் காசுக்கு அது முதல் செலவு இல்லை.

இன்னொரு ஆய்வையும் சொல்லிடறேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1998-ல் நெதர்லாந்தில் ஹோஃப்மன் குழுவினர், சில பேர் காது மடலுக்குள் அச்சு வெச்சு மடலோட வடிவத்தையே மாத்திட்டாங்க. உடனே அவங்களுக்கு சத்தத்தின் உயரம் தெரியாமப் போச்சு. அந்த அச்சோடயே சில வாரங்கள் வாழ்ந்ததும் மூளை புதுக் காதைக் கத்துக்கிச்சு. அதைவிட ஆச்சரியம், அச்சை எடுத்ததும் பழைய காது அப்படியே வேலை செஞ்சது. ஆக, ஒரு சாஃப்ட்வேரை ஆன் பண்ணி ரெண்டு நிமிஷத்தில் 'இது செட் ஆகல' என்று தள்ளிடாதீங்க. அதே மாதிரி ரெண்டு நிமிஷத்தில் 'அய்யோ சூப்பர்' என்றும் குதிக்காதீங்க.

தலையைத் திருப்பும்போது சத்தமும் கூடவே திரும்பக் கூடாது. ஸ்பீக்கர் இருந்த இடத்திலேயே இருக்கணும். ஹான்ஸ் வாலக் 1940-லேயே காட்டினார், முன் பின் குழப்பத்தைத் தீர்க்க நாம தலையைக் கொஞ்சம் அசைச்சுத்தான் பார்க்கிறோம் என்று. அதனால ஹெட் டிராக்கிங் இருக்கிற சாஃப்ட்வேர், சாதாரணக் காதை வெச்சே நிறைய சாதிச்சுடும்.

திருத்த வேண்டியது ஹெட்ஃபோனை

முதல் வகைக்கு வருவோம். ஒவ்வொரு ஹெட்ஃபோன் மாடலுக்கும் தனி மேடு பள்ளம் உண்டு. லாட்வியாவின் ரீகாவில் இருக்கிற சோனார்வொர்க்ஸ் நிறுவனத்தின் சவுண்ட்ஐடி ரெஃபரன்ஸ் மாதிரியான சாஃப்ட்வேர்கள், அந்த மாடலை அளந்து அதுக்கு எதிர் ஈக்யூ போடுது. இதில் உங்க காது எங்கயும் வரல, ஆனா ஸ்டீரியோ மிக்ஸிங்குக்குப் பெரிய லாபம் இங்கதான். காசே இல்லாமலும் செய்யலாம்: ஆட்டோஈக்யூ ப்ராஜெக்டில் உங்க மாடலைத் தேடி எடுத்து, விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ-வில் போட்டா முடிஞ்சது.

எதை நோக்கித் திருத்துறாங்க? ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் பல வருஷம் நடத்தின கேட்புச் சோதனைகளில், நல்ல ரூமில் நல்ல ஸ்பீக்கர் எப்படிக் கேட்குமோ அதுக்குக் கிட்ட இருக்கிற ஹெட்ஃபோனைத்தான் பெரும்பாலானவங்க விரும்பினாங்க. ஹார்மன் டார்கெட்னு சொல்றது அதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. பாஸ் விஷயத்தில் எந்த ஸ்கேனும் உதவாது. 50 ஹெர்ட்ஸ் அலைநீளம் சுமார் 7 மீட்டர், அதுக்கு உங்க காது மடல் ஒரு தூசி. க்ளோஸ்டு பேக் ஹெட்ஃபோனில் பாஸைத் தீர்மானிக்கிறது காதைச் சுத்தி பேட் எவ்ளோ இறுக்கமா ஒட்டுது என்பதுதான். கண்ணாடி போடுறவங்களே, உங்களுக்குத்தான் சொல்றேன்: கண்ணாடிக் கம்பி அந்த ஒட்டலைப் பிரிச்சுவிடும், பாஸ் கசிஞ்சு போயிடும். கழட்டிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்க, நான் சொல்ல வேண்டியதே இருக்காது. அதே மாதிரி பேட் தேய்ஞ்சு தட்டையாப் போயிருந்தா, கம்பெனி புதுசா இருந்தப்போ அளந்த ஈக்யூ உங்களுக்குப் பொருந்தாது. புது பேட் வாங்குறது காசு கொடுத்து வாங்குற பல சாஃப்ட்வேர்களைவிட மலிவு.

பீப் பீப் டெஸ்ட்

ரெண்டாவது வகையைக் கடைசியா வெச்சிருக்கேன், ஏன்னா அதுதான் குழப்பும். பீப் சத்தம் போட்டு 'கேட்குதா, கேட்குதா' என்று டெஸ்ட் வெச்சு, உங்களுக்குக் கம்மியாக் கேட்கிற இடத்தைத் தூக்கிக் கொடுக்கிற ஆப்கள். பஸ்ஸில் பாட்டு கேட்க அருமை. மிக்ஸ் பண்ணும்போது அணைச்சு வைங்க.

உங்களுக்கு 6 கிலோஹெர்ட்ஸில் கொஞ்சம் கம்மியாக் கேட்குதுன்னு வைங்க. தியேட்டர், கார், டீக்கடை ஸ்பீக்கர், நண்பரோட ஸ்டுடியோ எல்லாத்தையும் அந்தக் காதோடதான் கேட்கிறீங்க. 'நல்ல மிக்ஸ் இப்படித்தான் இருக்கும்' என்ற உங்க மனக்கணக்கும் அந்தக் காதில் உருவானதுதான். வேலை செய்ற அந்த ஒரு ஹெட்ஃபோனில் மட்டும் 6 கிலோஹெர்ட்ஸைத் தூக்கிவிட்டா, அந்த மனக்கணக்கு உதவாமப் போயிடும். நிஜமாவே காதில் குறை இருக்குன்னு சந்தேகம் வந்தா, ஆப்பை விட்டுட்டு ஆடியாலஜிஸ்ட்டைப் பாருங்க. தாமதிக்காதீங்க.

காதைப் பத்திப் பேசுறதால இதையும் சொல்லிடணும். பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் வெச்சிருக்கிற அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89-ல் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். ஹெட்ஃபோனில் ராத்திரி முழுக்க உட்கார்றவங்க கணக்குப் போட்டுக்கோங்க.

ஆன் பண்ணும்போது

எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் ஆன் பண்ணதும் மொத்த சத்தம் சில டெசிபல் குறையும். ஈக்யூ ஏத்துற இடத்தில் கிளிப் ஆகாம இருக்க அதுவே முன்கூட்டி இறக்கிக்கும். சத்தமா இருக்கிறதுதான் எப்பவும் நல்லா இருக்கிற மாதிரி காது ஏமாறும். அதனால ஆன், ஆஃப் ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வந்த பிறகுதான் ஒப்பிடணும். பல சாஃப்ட்வேர்களில் அதுக்குன்னே ஒரு பட்டன் இருக்கு.

ரெக்கார்டிங்கில் இதைப் போடாதீங்க. ரூம் சிமுலேஷன்னா ஒவ்வொரு சேனலுக்கும் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி கன்வல்யூஷன். 0.3 செகண்ட் ரூம் ரெஸ்பான்ஸ் 48 கிலோஹெர்ட்ஸில் 14,400 சாம்பிள். தாமதமே இல்லாம இதை ஓட்டுற அல்காரிதம் 1995-லேயே வந்துடுச்சு. எழுதினவர் யார்னு நினைக்கிறீங்க? கீமாரை அளந்த அதே கார்ட்னர்! இருந்தாலும் லீனியர் ஃபேஸ் மோடில் பல பிளக்-இன்கள் தாமதம் சேர்க்கும், பாடுறவருக்குத் தன் குரலே எதிரொலி மாதிரி வரும்.

இன்னொண்ணு, மாஸ்டர் சேனலில் போட்டா எக்ஸ்போர்ட் பண்ணும்போது அணைக்கணும். வளசரவாக்கத்தில் இருக்கிற ஒரு நண்பர் ஒரு வெப் சீரிஸோட நாலு எபிசோடை, ஹெட்ஃபோன் திருத்தத்தோடயே எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பிட்டார். அவரோட ஹெட்ஃபோனுக்கான எதிர் ஈக்யூ எல்லாம் டயலாக்கில் ஏறிப் போச்சு. விடிய விடிய உட்கார்ந்து நாலையும் திரும்ப எடுத்தார், அந்த ராத்திரிக்குக் காசு கிடையாது. முடிஞ்சவரை சிஸ்டம் அளவில் ஓடுற வெர்ஷனையோ, உங்க சாஃப்ட்வேரில் மானிட்டருக்குன்னே தனியா இருக்கிற இடத்தையோ பயன்படுத்துங்க. அப்போ இந்த ஆபத்தே வராது.

சரி தம்பி, உங்க காசு. கையில் இருக்கிற ஹெட்ஃபோன் ஓரளவு பேர் தெரிஞ்ச மாடல்னா, முதல்ல புது பேட், அப்புறம் இலவச ஈக்யூ, ரெண்டு வாரம் அதோடயே உங்களுக்கு மனப்பாடமா இருக்கிற பத்துப் பாட்டு. அதுக்கு அப்புறமும் குரல் அளவு தப்பிட்டே இருந்தா, ரூம் சிமுலேஷன் பண்ற ஏதாவது ஒண்ணோட இலவச ட்ரையலை எடுத்துப் பாருங்க. அட்மாஸ் வேலை வரும்போது காது ஸ்கேனுக்குச் செலவு பண்ணலாம். அப்படி ஸ்கேன் கொடுக்கும்போது உங்க தலை வீடியோ எங்க சேமிக்கப்படுது, எப்போ அழிப்பாங்க, சோஃபா ஃபைலை நீங்க டவுன்லோட் பண்ணி வேற சாஃப்ட்வேரில் போட முடியுமா, இந்த மூணையும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க. ஃபைலை வெளிய எடுக்கவே முடியாதுன்னா, உங்க காதை அவங்ககிட்ட வாடகைக்கு வாங்குற மாதிரி ஆயிடும்.

மெயிலோட கடைசியில் அவர் இன்னொண்ணும் கேட்டிருந்தார்: "ஃப்ரெண்டோட ஸ்கேன் ஃபைலை வாங்கி நான் போட்டுக்கலாமா?" போட்டுக்கலாம், ஓடும். ஆனா கீமார்கிட்ட இருந்து கடன் வாங்குறதுக்கும் ஃப்ரெண்ட்கிட்ட இருந்து கடன் வாங்குறதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கீமாரோடது இலவசம்.